அணையாமல் ஊது

ஆக்சிஜன் கருவி வீட்டுக்கு வந்த அன்றே
வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள்:
சிவப்பு வட்டம், உள்ளே தீக்குச்சி, குறுக்கே ஒரு கோடு.
லாபீஸ், ஆறாம் வரிசை, கடைசி வீடு.
சாமி மேடையில் திரியை எடுத்துவிட்டு
விளக்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன்.

அப்புறம் வந்தது தீபாவளி.
இரண்டு வெள்ளி நாற்பது காசுக் கடையில்
பேட்டரி மெழுகுவர்த்தி பன்னிரண்டு வாங்கினேன்.
உருகாது, சொட்டாது, ஈசல் விழுந்தாலும் சாகாது.
திரி இருக்கவேண்டிய இடத்தில்
ஆடிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு.

பால் டின்னில் ஆணியால் துளை போட்டு இரண்டு.
ஊறுகாய்ப் பாட்டிலில் பச்சரிசி பரப்பி மூன்று.
உடைந்த ஜன்னல் கண்ணாடியைப் பின்னால் சாய்த்ததும்
ஐந்து பத்தாயிற்று.
செலவில்லாமல் வெளிச்சம் குட்டி போட்டதைப் பார்த்து
எனக்கே கொஞ்சம் கர்வம்.

இவர் நாற்காலியில் இருந்தபடி பார்த்தார்.
மூக்கில் குழாய், மடியில் அதன் மிச்சச் சுருள்.
செம்பனை ஆலையில் இருபத்திரண்டு வருடம் பாய்லர்மேன்.
நாரும் ஓடும் அள்ளிப் போட்டு
சின்னத் துவாரம் வழியே நிறம் பார்த்தே
பிரஷர் சொல்லிவிடுவார்.
பெயர் மாசிலாமணி.
எக்ஸ்ரேயில் அப்படித் தெரியவில்லை.

"பொய்," என்றார்.
"பதினோரு எண்ணிக்கைக்கு ஒருக்கா
அதே ஆட்டத்தத் திரும்ப ஆடுது பாரு.
நெருப்பு ஆடுன ஆட்டத்த மறுபடி ஆடாது."
எண்ணிப் பார்த்தேன். பதினொன்றுதான்.
அதிலிருந்து எனக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

பாசார் மாலாமில் ஒரு பெண் விற்றாள்,
கண்ணாடிக் குவளையில் வாசனை மெழுகு,
பாண்டான் இலை மணம், இருபத்தொன்பது வெள்ளி.
அடியில் எழுதியிருந்தது: செம்பனை மெழுகு.
"நம்ம எண்ணெய்தான்," சிரித்தார், இருமினார்,
"குளிச்சிட்டு சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு."
தாதி மிஸ்ஸி கூடவே கூடாது என்றாள்:
புகை கூடாது, வாசனைகூட கூடாது, நெஞ்சு இறுகும்.
ஏற்றாமலே பீரோவில் வைத்தேன்,
அவருடைய பழைய ஆலைச் சட்டைகளுக்கு நடுவே.
இப்போது கதவைத் திறந்தால்
யாரோ பாய்லர் பக்கத்தில் பலகாரம் அவிப்பது போல
ஒரு மணம்.
நான் மட்டும் முகர்ந்துவிட்டு மூடிவிடுவேன்.

சிகாமாட் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி.
மிஸ்ஸி விரலை நீட்டிச் சொல்லிக்கொடுத்தாள்:
"அங்கிள், பூவை மோந்து பாருங்க.
இப்ப மெழுகுவர்த்திய ஊதுங்க.
மெதுவா. சுடர் சாயணும், அணையக்கூடாது."
வரும் வழியெல்லாம் பேசவில்லை.
அணையாமல் பார்த்துக்கொள்வதுதானே
அவருக்குச் சம்பளம் தந்த வேலை.

அன்று ராத்திரி மழை, கரண்டு போனது.
கருவி நின்ற அமைதி
கருவி சத்தத்தைவிடப் பெரிதாக இருந்தது.
பால் டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.
அந்தப் பொய் வெளிச்சத்தில்தான்
சிலிண்டர் முள் எங்கே நிற்கிறது என்று படித்தேன்,
குழாயை மாற்றினேன், திருகினேன்.
"எவ்வளவு காட்டுது?" என்றார். சொன்னேன்.
"போதும்," என்றார், பழைய ஷிப்டுக் குரலில்.

பிறகு டின்னிலிருந்து ஒன்றை எடுத்து
முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார்.
உதட்டைக் குவித்தார்.
ஊதினார்.
நாக்கு அசைந்தது, அதன் பாட்டுக்கு.
பதினொன்றுக்குள் ஒரு மூச்சு, மறுபடி பதினொன்று.
ஆலைக் காற்று ஜன்னலில் புளித்தது.

நாலாவது மூச்சில்
சேலை மடிப்பிலிருந்த ரிமோட்டை அமுக்கினேன்.
அணைந்தது.

இருட்டில் ஒரு நிமிடம் சத்தமில்லை.
"ஏய் திலகா," என்றார்,
"அந்தக் கைய வெளிய எடு."